எந்த முழங்கால்

இதை யாருக்கும் காட்டாதே, பிள்ளை. உன் தகப்பனுக்கும் வேண்டாம், சிநேகிதர்களுக்கும் வேண்டாம். எல்லாரையும்விட முக்கியமாக எனக்குக் காட்டாதே. நீ இதை வாசிக்கும்போது நான் உன் அம்மாவாக இருப்பேன். பதினாறு வயதில் எழுதியதைக் கண்டால் அம்மாமார் சிரிப்பார்கள், அல்லது கிழித்துப்போடுவார்கள். இப்போது எழுதுகிறவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருக்கிறது. கதவைச் சாத்தி, மேசை விளக்கின் கழுத்தைத் தாளுக்கு மேலே வளைத்து வைத்து எழுதுகிறேன். பக்கத்து அறையில் தம்பி தூங்குகிறான். என் சாமான்கள் எல்லாவற்றையும் கிண்டுகிறவன், ஆனால் தமிழ் எழுத்தைக் கண்டால் அப்படியே வைத்துவிட்டுப் போய்விடுவான். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போனவள் நான் மட்டும்தான். இந்த வீட்டில் இதை வாசிக்கக்கூடிய மற்ற இரண்டு பேரில் அம்மா இரவு வேலைக்கு வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டா. மற்றவர் அப்பா.

நீ இன்னும் பிறக்கவில்லை. மகனா மகளா என்றும் தெரியாது, நீ பிறப்பாயா என்பதுகூட நிச்சயமில்லை. வழக்கமாகப் பெற்றோர் தலை நரைத்த பிறகுதான் பிள்ளைகளுக்கு நீண்ட கடிதம் எழுதுவார்கள். அந்த நேரத்தில் எல்லாம் அவர்களுக்குச் சாதகமாகவே ஞாபகம் வரும். அதனால் நான் முந்திக்கொள்கிறேன். விஷயம் சின்னது. எனக்கு இனி உதைபந்தாட்டம் விளையாட விருப்பமில்லை. அதை நாளைக் காலைக்குள் அப்பாவிடம், அதாவது உன் அம்மப்பாவிடம், சொல்ல வேண்டும். அவ்வளவுதான். எழுதிப் பார்த்தால் இரண்டு வரிகூட வரவில்லை. சொல்ல முடியாமல் ஒரு வருடம் போய்விட்டது.

அம்மப்பா அடிப்பார், ஏசுவார் என்று நினைத்துவிடாதே. அவர் என்னை ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. அப்படி ஒருவராக இருந்திருந்தால் இது எவ்வளவோ இலகு. சனிக்கிழமைகளில் எனக்கு முன் எழும்பி, குளிரில் வெளியே போய், கார்க் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிவிட்டு, நான் இருக்கப்போகும் இருக்கையைச் சூடாக்கி வைக்கிறவர் அவர். ஒரு பெட்டி நிறையத் தோடம்பழம் உரித்து, சுளை சுளையாகப் பிரித்து, உப்பும் மிளகும் தூவிக்கொண்டு வருவார். முதல் தடவை என் அணிப் பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். இப்போது இடைவேளை விசில் ஊதியதும் பயிற்சியாளரிடம் போகாமல் நேரே அவரிடம்தான் ஓடுகிறார்கள். "அங்கிள், மிளகு காணாது, இன்னும் போடுங்கோ," என்று என் அணியின் கோல்காப்பாளர், ஐரிஷ் வம்சத்துப் பிள்ளை, தமிழிலேயே சொல்லப் பழகியிருக்கிறாள். அப்பா அதைக் கேட்டு அடையும் சந்தோஷத்தை நீ பார்க்க வேண்டும். அந்தச் சந்தோஷத்தைத்தான் நான் உடைக்கப் போகிறேன்.

இதெல்லாம் எங்கே தொடங்கியது என்று சொன்னால்தான் உனக்கு விளங்கும். நான் பிறப்பதற்கு முன், அப்பா சிட்னிக்கு வந்த புதிதில், வேலை செய்த சரக்குக் களஞ்சியத்தில் யாரோ தனக்கு வேண்டாத ஒரு டிக்கெட்டை அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். அப்பா யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு விளையாடியவர். அது எப்படி நின்றது என்பதை அவர் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை. அன்றைக்கு வேலி ஓரத்தில் தனியாக நின்று ஆட்டம் பார்த்திருக்கிறார். இடது பக்கக் கோட்டோரமாக நின்று காக்கும் ஆட்டக்காரர் ஒருவர், லெஃப்ட் பேக், ஒல்லாந்து நாட்டவர், ஐரோப்பாவில் பத்து வருடத்துக்கு மேல் விளையாடிவிட்டு இங்கே வந்தவர். அவர் பெயர் யோஸ்ட். அவர் பந்தோடு அப்பாவுக்கு முன்னால் வந்தபோது பின்னாலிருந்து எதிரணிக்காரன் ஒருவன் பாய்ந்து வர, அப்பா தன்னை மறந்து தமிழில் கத்திவிட்டார்: "அண்ணை, பின்னால ஆள் வாறான்!" யோஸ்ட் சட்டென்று திரும்பினார், பந்தைத் தட்டிவிட்டார், பிறகு வேலிப்பக்கம் பார்த்துப் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். இந்தக் கதையை அப்பா எத்தனை தடவை சொன்னாலும் ஒரே மாதிரித்தான் முடிப்பார். "இந்த நாட்டுக்கு வந்து நான் வாய் திறந்து சொன்னது ஒரு மனுசனுக்கு விளங்கினது அண்டைக்குத்தான்."

பிறகு யோஸ்ட் இங்கே விளையாடிய காலம் முழுக்க அப்பா அதே வேலி ஓரத்தில் நின்றார். நான் பிறந்து நடக்கத் தொடங்கியதும் என்னையும் லெஃப்ட் பேக் ஆக்கத் தீர்மானித்துவிட்டார். நான் வலது காலால் உதைக்கிறவள். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, குவேக்கர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டுப் பின்வளவில் எனக்கு இடது காலில் சப்பாத்தும் வலது காலில் வீட்டுச் செருப்பும் போட்டுவிடுவது. வலது காலால் உதைத்தால் செருப்பு பறந்து பக்கத்து வளவில் விழும். அங்கே ஒரு நாய் இருந்தது. நாய்க்குப் பயந்தே எனக்கு இடது கால் வந்தது. இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது, அந்த நாட்களில் எனக்கு விளையாட்டுப் பிடித்திருந்தது. அதை நீ நம்ப வேண்டும். அப்பா என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பிடித்திருந்தது, பிறகு ஒருநாள் பார்த்தால் பிடிக்கவில்லை. எந்த நாள் என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

முதலில் அதை என் வயிறுதான் கண்டுபிடித்தது. போன வருடம் ஒரு சனிக்கிழமை, மைதானத்துச் சிற்றுண்டிக் கடைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். அப்பா முதுகைத் தடவிக்கொண்டு, "முட்டைதான் பிள்ளை, முட்டைதான் வேலையைக் காட்டியிருக்கு," என்றார். அடுத்த சனிக்கிழமை முட்டை இல்லை. ஆனாலும் எடுத்தேன். பால் நின்றது. பிறகு இடியப்பம் நின்றது, சொதியில் தேங்காய்ப்பால் கூடிவிட்டதாம். இப்போது பாணும் வாழைப்பழமும்தான். ஒவ்வொரு தடவையும் அவர் அவ்வளவு கவனமாக யோசித்து, அம்மாவோடு குசினியில் நின்று விவாதித்து, ஒரு சாப்பாட்டைக் குற்றவாளியாக்குவார். "நான் சொல்லுறன், அவளுக்கு இது பயம்," என்று அம்மா ஒருநாள் மெல்லச் சொன்னதைக் கேட்டேன். "பயமோ? என்ர பிள்ளைக்கோ? ஸ்டேட் ரீமுக்கு எடுக்கப்போற பிள்ளைக்கு என்ன பயம்?" என்றார் அப்பா. அவர் அதைப் பெருமையாகச் சொன்னார். நான் மாடிப்படியில் நின்றுகொண்டு, அவர் சொன்னது உண்மையாக இருக்கக் கூடாதா என்று ஆசைப்பட்டேன். மாநில அணித் தெரிவு அடுத்த மாதம்.

ஈரப் புல்லின் வாசனை வந்தாலே, பந்து மற்றப் பக்கமாகவே போக வேண்டும் என்று மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டு ஓடுவேன். அது என்னிடம் வந்தால் சரியாகத்தான் உதைப்பேன். அதுதான் பிரச்சினை. மோசமாக விளையாடியிருந்தால் எப்போதோ விட்டிருப்பார்கள்.

இப்போது யோஸ்டுக்கு வருகிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் அப்பா ஹார்ட்வேர் கடையில் ஓடு வெட்டும் கருவிகள் இருந்த பக்கத்தில் ஒருவரைக் கண்டார். தலை வழுக்கையாகி, வயிறு கொஞ்சம் வைத்திருந்தாலும் நடையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டதாம். கடை முழுக்கப் பின்னாலேயே போய், கார் நிறுத்துமிடத்தில் பிடித்துக் கதைத்திருக்கிறார். யோஸ்ட் இப்போது நீச்சல் குளங்களுக்கு ஓடு பதிக்கிறார். மனைவி இந்த ஊர்க்காரி. அப்பா அன்றைக்கே, தன் யாழ்ப்பாணப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கம் இங்கே வருடா வருடம் நடத்தும் உதைபந்தாட்டப் போட்டிக்கு அவரைப் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டுவிட்டார். சங்கத்திடம் பிறகுதான் கேட்டார். கூட்டம் எங்கள் வீட்டு வரவேற்பறையில் நடந்தது.

"ஆர் ஐசே இந்த ஆள்? ஒருத்தரும் கேள்விப்படேல்லையே," என்றார் சங்கத் தலைவர் அங்கிள். "ஒரு டொக்டரைக் கூப்பிடுவம்."

"டொக்டர்மார் எங்களிட்டக் காணாதே? வீட்டுக்கு வீடு இருக்கினம்," என்றார் அப்பா.

"ஒல்லாந்தர் வந்து யாழ்ப்பாணத்தில கோட்டை கட்டினது போதாதெண்டு, இவருக்கு நாங்கள் பொன்னாடையும் போடோணுமோ?"

"இவர் லெஃப்ட் பேக், அண்ணை. கோட்டை கட்டமாட்டார். நிண்டு காப்பார், அவ்வளவுதான்," என்றார் அப்பா.

எல்லாரும் சிரித்தார்கள், அப்பா வென்றார். தேநீர் கொடுக்கப் போன எனக்கும் ஒரு வேலை விழுந்தது. யோஸ்டின் வாழ்க்கையை அப்பா தமிழில் எழுதி வாசிப்பார், நான் அதையே ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டும். விருந்தினருக்கு விளங்க வேண்டுமே.

எழுதுவதற்கு விபரம் வேண்டுமல்லவா? போன ஞாயிற்றுக்கிழமை அப்பா அவருடைய இலக்கத்தை அழுத்திவிட்டு, மணி அடிக்கத் தொடங்கியதும் ஃபோனை என் கையில் திணித்தார். "இந்தா, நீ கதை." நான் சொன்னேன், "அப்பா, நீங்கள் ஃபோர்க்லிஃப்டில இருந்துகொண்டு முழுநாளும் சுப்பவைசரோட இங்கிலிஷில சண்டை பிடிக்கிறனீங்கள்." "அது முகத்தைப் பாத்துப் பிடிக்கிற சண்டை. இது காத்தோட கதைக்கிறது," என்றார். எங்கள் சிநேகிதர் வீடுகளிலும் இப்படித்தான். மின்சாரக் கம்பனியோ, பல் வைத்தியரோ, வரிக் கந்தோரோ, தொலைபேசி என்றால் பிள்ளைகள்தான் பேச வேண்டும். நாங்கள் பத்து வயதிலேயே பெரியவர்களின் குரலில் பேசப் பழகியவர்கள். அப்பா என் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு கேள்விகளைத் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் கேட்டேன்.

யோஸ்டின் குரல் மென்மையாக இருந்தது. கால்வாய் ஓரத்துச் சின்ன ஊர், தகப்பன் செங்கல் அடுக்கும் மேசன். ஒன்பது வயதில் ஒரு உதைபந்தாட்டக் கழகத்தின் வான் வண்டி வீட்டு வாசலுக்கு வந்து, பள்ளிக்கூடம் முடிந்ததும் அவரைப் பயிற்சிக்கு ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கியது. பதினெட்டில் பெரிய அணி. பிறகு ஜெர்மனி எல்லைக்குப் பக்கத்தில் இன்னொரு கழகம். நாட்டின் அணிக்கு ஒருமுறை கூப்பிட்டார்கள். மாற்று ஆட்டக்காரர்களின் வாங்கில் இருந்தார், களத்தில் இறக்கவில்லை. அன்றைக்குக் கொடுத்த அணிச் சட்டை இன்னும் இருக்கிறதாம். "ஒரு சொட்டு வேர்வையும் படாத சட்டை. மிகவும் சுத்தம்," என்று சிரித்தார். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்ல, அப்பா தலையை ஆட்டி ஆட்டி எழுதினார். "அந்த 'பின்னால ஆள் வாறான்' கதையைக் கேள்," என்றார். கேட்டேன். ஞாபகமில்லை என்றார், ஆனால் எந்த மைதானத்திலும் வேலி ஓரத்தில் ஒரு குரல் இருக்கும், அந்தக் குரல்களுக்கு அவர் கடன்பட்டவர் என்றார். "சிரிக்கிறார் அப்பா," என்று மட்டும் சொன்னேன்.

அடுத்து அப்பா சொன்னார், "கேள், முழங்கால் காயத்தாலதானே விட்டவர்? பேப்பரில அப்பிடித்தான் போட்டது." நான் அதை அப்படியே கேட்டேன்.  அவர் கேட்டார், "பத்திரிகைக்குச் சொன்னது வேண்டுமா, மற்றது வேண்டுமா?" மற்றது என்றேன்.

அவருடைய முழங்காலில் ஒன்றுமே இல்லை, பிள்ளை. முப்பது வயதில், அடுத்த ஒப்பந்தம் மேசையில் இருக்க, ஒரு காலைப்பொழுது இங்கே சிட்னியில் மைதானத்துக்கு வெளியே காரை நிறுத்தினார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. அதற்கு முன் பல வருடங்களாக ஆட்ட நாள் காலைகளில் வாந்தி எடுத்திருக்கிறார். "கழக வைத்தியர் முதலில் முட்டையை நிறுத்தினார்," என்றார். "பிறகு பாலை நிறுத்தினார்."  பக்கத்தில் அப்பா பேனையை நீட்டிப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விடுகிறேன் என்று சொல்லத் தன் தகப்பனுக்கு ஃபோன் எடுத்தாராம். ஆயிரம் செங்கல் அடுக்கிய நாளிலும் மகனின் ஆட்டத்துக்கு வந்த மனிதர். விடுகிறேன் என்றதும் தகப்பன் கேட்ட முதல் கேள்வி: எந்த முழங்கால்? வேறு காரணம் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. யோஸ்ட் "இடது" என்றார். ஊர் முழுக்க இடது முழங்கால் ஆகிவிட்டது, இங்கே பத்திரிகையிலும் வந்தது. அதற்குப் பிறகு ஊருக்குப் போகும்போதெல்லாம் தகப்பன் வீட்டில் நொண்டி நடந்தார். ஒருமுறை மறந்துபோய் வலது காலை நொண்டினார். "அப்பா பார்த்தார். கோப்பியைக் குடித்தார். ஒன்றும் சொல்லவில்லை," என்றார். தகப்பன் போன குளிர்காலம் இறந்துவிட்டார். "அவருக்குத் தெரிந்திருந்ததா இல்லையா என்று எனக்கு இனித் தெரியப்போவதில்லை. நீ எதை வேண்டுமானாலும் வாசி. ஆனால் என்னிடம் கேட்ட எல்லாரும் பதிலையும் சேர்த்தே கொண்டு வந்தார்கள். இரண்டில் எது வேண்டும் என்று நான் கேட்டபோது மற்றதைக் கேட்டவள் நீதான்." பிறகு, போட்டி நாளில் மதியச் சாப்பாட்டுக்கு என்ன இருக்கும் என்று விசாரித்தார். கொத்துரொட்டி என்றேன். நல்லது என்றார்.

ஃபோனை வைத்தேன். "என்னவாம்? முழங்கால்தானே?" என்றார் அப்பா. அவருடைய முகத்தை உனக்கு எப்படிச் சொல்வது? பரீட்சை முடிவு பார்க்கும் பிள்ளை மாதிரி இருந்தது. நான் சொன்னேன், "ஓம் அப்பா."

அப்பா அதை எப்படி எழுதியிருக்கிறார் தெரியுமா? "காயம்தான் அவரைக் களத்திலிருந்து அழைத்துச் சென்றது, மனம் ஒருநாளும் வெளியேறவில்லை." காரைப் பின்னால் எடுக்கும்போதும் சொல்லிப் பார்க்கிறார், பல் தீட்டும்போதும் சொல்லிப் பார்க்கிறார். நாளை அவர் தமிழில் சொன்ன பிறகு நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். யோஸ்ட் முன்வரிசையில் இருப்பார், எனக்கு உண்மையைச் சொன்ன மனிதர். அந்தப் பொய்யை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. மாற்றி வாசித்தால் அப்பாவுக்கு ஆங்கிலம் விளங்கும். எல்லாருக்கும் முன்னால், கையில் மைக்கோடு நின்றுகொண்டு விளங்கிக்கொள்வார். அதை நான் அவருக்குச் செய்யக் கூடாது. ஆகவே இன்றைக்கே சொல்ல வேண்டும். யோஸ்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் என்னைப் பற்றியும் சொல்லாமல் நிறுத்த முடியாது. முட்டை, பால் என்று வந்தவுடன் அப்பாவுக்கே தெரிந்துவிடும்.

ஆனால் நான் இன்றைக்கு என்ன செய்தேன் தெரியுமா? நாளை பெண் பிள்ளைகளுக்கும் ஒரு ஆட்டம் இருக்கிறது. சாப்பாட்டு மேசையிலிருந்து எழும்பும்போது நொண்டினேன். யோசித்துச் செய்யவில்லை, கால் தானாகவே செய்தது. "என்ன பிள்ளை?" என்று அப்பா பதறினார். "இடது முழங்கால் நோகுது," என்றேன். வேறு முழங்கால்கூட எனக்குத் தோன்றவில்லை. அவர் எண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து, நிலத்தில் இருந்து, என் காலைத் தன் மடியில் வைத்துப் பூசினார். "நாளைக்கு விளையாட வேண்டாம். ஒரு ஆட்டம் போனால் என்ன, கால்தான் முக்கியம்," என்றார். அவ்வளவு இலகுவாகச் சொன்னார். களஞ்சியத்தில் காய்ப்புப் பிடித்த அந்தக் கைகள் என் முழங்காலைச் சுற்றிச் சுற்றி வந்தன, எனக்கு அழுகை வந்தது. நோவில் அழுகிறேன் என்று நினைத்து இன்னும் மெதுவாகப் பூசினார். இப்படியே விட்டால் நானும் இந்த வீட்டுக்குள் காலம் முழுக்க நொண்டிக்கொண்டிருப்பேன். அவர் ஒவ்வொரு இரவும் எண்ணெய் சூடாக்குவார்.

பிள்ளை, நீ வளர்ந்த ஒருவராக இதை வாசிக்கிறாய். ஒரு அம்மா சொல்ல வேண்டிய புத்திமதி ஏதாவது இருந்தால், இந்த வயதில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நீ ஒன்றை விட விரும்பும் நாள் வரும். அது படிப்பாக இருக்கலாம், பாட்டாக இருக்கலாம், நான் உனக்காகக் கண்ட கனவாக இருக்கலாம். அன்றைக்கு நான் உன்னிடம் முட்டையா, பாலா, முழங்காலா என்று கேட்பேன். நான் அப்பாவின் மகள், கட்டாயம் கேட்பேன். கோபிக்காதே. அன்பில்லாமல் அல்ல, எனக்குத் தெரிந்த நோய்களுக்குள்ளேயே உன் நோயையும் தேடுகிறேன் என்று எடுத்துக்கொள். ஆனால் ஓம் என்று மட்டும் சொல்லிவிடாதே. நான் எவ்வளவு ஆசையாக உன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் சொல்லாதே. என் முகம் விழுந்துபோகும், விழட்டும். விழுந்த முகம் எழும்பும். யோஸ்டின் தகப்பனுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை, கோப்பியைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டி வந்தது. அந்த மனிதரை நினைத்தால்தான் எனக்குக் கூடுதலாக வலிக்கிறது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பெருவிரலைக் காட்டிய அந்த ஆட்டக்காரரை அப்பா இத்தனை வருடம் நேசித்தது, அவர் நன்றாக விளையாடினார் என்பதற்காக மட்டுமா? தான் சொன்னது ஒருவருக்கு விளங்கியது என்பதற்காகத்தானே. அப்படிப்பட்டவருக்கு நான் சொல்வது விளங்காது என்று ஏன் இவ்வளவு நாளும் நினைத்தேன் என்று இதை எழுதும்போதுதான் யோசிக்கிறேன். ஒருவேளை

படியில் சத்தம். அப்பாதான். அம்மா வீட்டில் இருந்தால் தட்டாமல் உள்ளே வருவா. அப்பா ஒற்றை விரலால் தட்டிவிட்டு வெளியே நிற்பார்.

"பிள்ளை, நித்திரையே? வெளிச்சம் தெரியுது. சுடுதண்ணிப் பை கொண்டந்தனான்."

இல்லை அப்பா, முழித்துத்தான் இருக்கிறேன் என்றேன். அவர் உள்ளே வரவில்லை.  பிறகு, நான் இதுவரை கேட்காத மெல்லிய குரலில், கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறார்:

"எந்த முழங்கால் எண்டு சொன்னனீ?"

எண்ணெய் பூசியவர் அவர். அவருக்குத் தெரியும். நான் கதவைத் திறக்கப்